முப்பத்தொரு நாள் மூடிக் கிடந்த பெட்டி

உதயகலா கண்ணை மூடி ஆறாம் நாள் காலை, பின்வளவு முருங்கையில் தேனீக்கள் கூட்டமாகத் திரண்டு தொங்கின. தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ ஒரு வாழைப்பூப் பொத்தியைக் கொண்டுவந்து கிளையில் கட்டிவிட்டது போலிருக்கும். கிட்டப் போனால்தான் அந்தப் பொத்தி மூச்சு விடுவது தெரியும்.

முதலில் கண்டது மகள் தாரிகாதான். கிணற்றடியில் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, கெதியா வாங்கோ! தேன்பெட்டிக் கூட்டம் பிரிஞ்சிட்டுது. பழைய ராணி பாதிக் கூட்டத்தோடை வெளிக்கிட்டு முருங்கையிலை நிக்குது. அம்மா வாங்கி வைச்ச மற்ற வெறும்பெட்டி குசினிக்குப் பின்னாலை கிடக்கு. இப்ப பிடிச்சு விட்டமெண்டால் ரண்டு பெட்டியாகும்."

செல்வநாயகம் முன் விறாந்தையில் பாயில் இருந்தார். ஆறு நாளாக மழிக்காத முகம். கண்கள் மனைவியின் படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கிலேயே நின்றன.

"வேண்டாம், பிள்ளை."

"ஏனப்பா?"

"செத்த வீடு, துடக்கு. உந்தத் தேன் முருகனுக்குப் போறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் பெட்டியிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

"அம்மாவெண்டால் பிடிச்சிருப்பா."

"அம்மாதான் இல்லையே!"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு கொடியது என்று இருவருக்கும் உறைத்தது. தாரிகா முருங்கையடிக்குப் போய் நின்றாள். இரண்டு மணித்தியாலம் காத்திருந்த தேனீக்கள், யாரும் வரமாட்டார்கள் என்று விளங்கிக்கொண்டன போல, ஒரே இரைச்சலோடு எழும்பின. தென்னைகளுக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்குப் பக்கமாகப் போய் மறைந்தன.

நீர்வேலியில் செல்வநாயகத்தைக் கெட்டவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆயிரம் கண்டு வாழைத்தோட்டம். விடிந்தால் செம்மண், பொழுதுபட்டால் கோயில். போரில் இடம்பெயர்ந்து எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்த அந்த ஐப்பசி மழையில், தாயைத் தோளில் சுமந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கூரை போட்ட பிறகே கலியாணம் கட்டினார். விரதம், துடக்கு, திதி, திவசம் எதிலும் ஓர் அணுவும் பிசகமாட்டார். பிசகாமல் வாழ்ந்தால் கடவுளும் தனக்குப் பிசகமாட்டார் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார், பாவம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அரிசி புடைத்துக்கொண்டிருந்த உதயகலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிப் படலைக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

தேனீப் பெட்டி அவளுடையது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பெண்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சியில் கொடுத்தார்கள். முக்காலியில் பெட்டியை வைத்து, எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர்ச் சிரட்டை வைத்து, குழந்தையைப் போலப் பார்த்தாள். வருடா வருடம் திருவிழாவுக்கு முதல் போத்தல் தேன் அபிஷேகத்துக்குப் போகும். மிச்சம்தான் வீட்டுக்கும் அயலுக்கும். செல்வநாயகமோ அந்தப் பக்கமே போகமாட்டார். ஒருமுறை கண்மடலில் கொட்டி முகம் பூசணிக்காயாக வீங்கியதிலிருந்து அவருக்கு அது சிம்ம சொப்பனம்.

"பாம்பை வாலிலை பிடிச்சுச் சுழட்டுற மனிசன், ஒரு பூச்சிக்கு நடுங்குது!" என்று உதயகலா சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது வீட்டின் எந்த மூலையிலும் இல்லை.

இருபதாம் நாள் ஒரு கடிதம் வந்தது. தாதியர் பயிற்சிக்குத் தாரிகா தெரிவாகியிருந்தாள். மட்டக்களப்பு. அடுத்த மாதம் ஏழாம் திகதி திங்கட்கிழமை காலை நேரில் வரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்றாம் தடவை விண்ணப்பித்துக் கிடைத்த இடம் அது. முதல் இரண்டு தடவையும் கிடைக்காதபோது மகளை மடியில் போட்டு அழுதவள் உதயகலா. அவள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை ஊரெல்லாம் கொண்டு திரிந்திருப்பாள்.

தாரிகா அதை ஒருமுறை வாசித்தாள். நாலாக மடித்துத் தாயின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

அவளுடைய இடுப்பில் இப்போது தாயின் திறப்புக் கொத்து தொங்கியது. விடியக் காலை எழும்பி முற்றம் கூட்டுவாள். தகப்பனுக்குத் தேத்தண்ணீர், பிரஷர் குளிசை, தோட்டத்துக்குச் சாப்பாடு. மாட்டுக்குத் தவிடு கரைப்பாள். செத்த வீட்டுக்கு வந்து போகிற சனத்துக்கு முகம் கொடுப்பாள். பக்கத்து வீட்டு இரத்தினம்மா ஒவ்வொரு நாளும் வேலியால் எட்டிப் பார்த்து மெச்சுவாள்.

"அப்பிடியே தாய்தான்! தேனீ மாதிரி ஓடித் திரியிறாள். இந்தக் காலத்துப் பெட்டையள் உவளைப் பாத்துப் படிக்கவேணும். செல்வநாயகம், நீர் குடுத்துவைச்சனீர்."

செல்வநாயகத்துக்கும் அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கடிதத்தின் திகதி கிட்டக் கிட்ட, அந்தப் பெருமைக்குள் ஏதோ ஒரு முள் கிடந்து குத்தியது. ஒருநாள் சாப்பிட்டு முடிந்ததும் கேட்டார்.

"மட்டக்களப்புக்கு வெளிக்கிடேல்லையோ, பிள்ளை?"

"நான் போனால் ஆர் உங்களுக்குச் சமைக்கிறது? ஆர் அம்மான்ரை பெட்டியைப் பாக்கிறது?"

"சோறு காய்ச்சப் பழகிறன். பெட்டியும் பழகிறன்."

"நீங்களோ? பெட்டியோ?" அன்றுதான், தாய் போனபின் முதல் தடவையாக, அவள் சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "சரி. அந்தியேட்டி முடியத் திறந்து பாப்பம். பெட்டி நல்லாயிருந்தால் போறன்."

"சத்தியமோ?"

"ஓமப்பா. பெட்டி நல்லாயிருந்தால்."

அந்தச் சொல்லைச் செல்வநாயகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் கோயில் வீதி வரை போய், துடக்காகையால் உள்ளே போகாமல் தெருவிலேயே நின்று, "முருகா, பெட்டியை மட்டும் காப்பாற்று" என்று கும்பிட்டார். பெட்டிக்குக் கிட்டப் போகப் பயந்தாலும், சிரட்டைகளில் தண்ணீர் வற்றவிடவில்லை. தேனீக்கள் வழக்கம்போலப் போய் வந்துகொண்டிருந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தது போலிருந்தது.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடிந்தது. மறுநாள் காலை தாரிகா முகத்துக்கு வலையைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். தேங்காய்ப் பொச்சைக் கொளுத்திப் புகை காட்டியவர் செல்வநாயகம். ஒவ்வொரு பூச்சி பறக்கும்போதும் தலையை இழுத்துக்கொண்டார், ஆனாலும் விலகவில்லை. தேன்வதை கட்டிய மரச்சட்டம் ஒன்றைத் தூக்கி அவள் வெயிலில் பிடித்தாள். அறைகளுக்குள்ளே வெள்ளை நூல் துணுக்குகள் போல ஏதோ தெரிந்தன.

"முட்டை!" செல்வநாயகம் கத்தியேவிட்டார். "முட்டை இருக்கு, பிள்ளை! முட்டை இருந்தால் ராணி இருக்கெண்டு அம்மா சொல்லுறவ. பெட்டி நல்லாயிருக்கு!"

தாரிகா மட்டும் சட்டத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு அறைக்குள்ளை மூண்டு நாலு கிடக்கப்பா. ஒண்டுதானே இருக்கவேணும்?"

"நல்லதுதானே. நல்லாப் பெருகுது."

அன்று மத்தியானமே அவர் அலுமாரிக்கு மேலிருந்த பயணப்பையை இறக்கி, தட்டித் துடைத்து, வெயிலில் காயவைத்தார். ஆனால் தாரிகாவுக்கு மனம் ஆறவில்லை. தாய்க்குத் தேனீ வளர்க்கப் பழக்கிய அருட்பிரகாசத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கோப்பாயில் இருபது பெட்டி வைத்திருக்கிற மனிதர். வெள்ளிக்கிழமை பின்நேரம் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார்.

சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பெட்டியை மூடி, கிணற்றடியில் கை கழுவி, விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தார்.

"அண்ணை, கூட்டம் பிரிஞ்சு எத்தினை நாள்?"

"அவ செத்து ஆறாம் நாள். இருபத்தொன்பது நாள் வரும்."

"அதுக்குப் பிறகு திறக்கேல்லையோ?"

"துடக்கு, தம்பி. சுவாமிக்குப் போற தேன்."

அருட்பிரகாசம் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வாழைக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"ஓம். விடாட்டில் பட்டுப்போமே."

"வாழைப்பழமும் சுவாமிக்குத்தானே போறது?"

செல்வநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மாட்டிலை பால் கறந்தனீங்கள்தானே? அது மாதிரித்தான் அண்ணை இதுவும். பூச்சிக்கு ஏது துடக்கு? குறை நினைக்காதேங்கோ, நடந்ததைச் சொல்லுறன். பழைய ராணி போகேக்கை புது ராணிக்கு ஒரு கூடு கட்டி வைச்சிட்டுத்தான் போகும். புதுசு பிறந்து, சோடி சேரப் பறந்து போயிருக்கும். போன இடத்திலை கரிக்குருவி ஏதும் பிடிச்சிருக்கும். உது நடக்கிறதுதான். பிரிஞ்ச கூட்டத்தைப் பிடிச்சுப் பக்கத்திலை வைச்சிருந்தால், அதிலை ஒரு வதை முட்டையை எடுத்து இதுக்குள்ளை வைச்சிருக்கலாம். இதுகள் அதிலையிருந்து வேறை ராணியை வளர்த்திருக்குங்கள்."

"அப்ப... உள்ளை கிடக்கிற முட்டை?"

"வேலைக்காரத் தேனீ இட்டது."

தாரிகா தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டாள்.

"தாய் இல்லாமல் கொஞ்ச நாள் போனால், உதுகளிலை சிலது தாய் வேலையைத் தாங்கள் செய்யத் துவங்கும். ஆனால் அதுகள் இடுற முட்டையிலை ஆண் மட்டுந்தான் பிறக்கும். ஆண் தேன் எடுக்காது, கூடு காக்காது, குஞ்சுக்குத் தீன் குடுக்காது. இப்ப இருக்கிற வேலைக்காரியள் இன்னும் ஒரு மாதம், ஒண்டரை மாதம் உழைச்சுச் செட்டை தேஞ்சு விழும். அவ்வளவுதான்."

"வேறை ராணி ஒண்டைக் கொண்டுவந்து விட்டால்?" செல்வநாயகத்தின் குரல் கெஞ்சியது.

"அந்த ராணியை உதுகள் குத்திக் கொல்லும், அண்ணை. ஆசையாலை செய்யிற பிழை. தாய் இருக்கிற இடத்திலை தாங்கள் இருக்கிறம், வீடு நடக்குது எண்டு நினைக்குங்கள். நீங்கள் போய் என்னெண்டு அதுகளுக்குச் சொல்லுவியள்?"

தாரிகா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். குனிந்தபோது இடுப்பில் திறப்புக் கொத்து குலுங்கியது.

"அப்பா, அஞ்சு மணிக் குளிசை போடேல்லை," என்றாள். உதயகலாவின் அதே குரல்.

செல்வநாயகம் மகளை நிமிர்ந்து பார்த்தார். இருபத்துநாலு வயது. நகங்களுக்குள் தவிடு. முப்பது நாளாக எண்ணெய் காணாத தலை. ஒரு தோழி வந்து போகவில்லை. ஒரு பாட்டு முணுமுணுக்கவில்லை. ஐயோ, இதையா இத்தனை நாளும் ஊர் மெச்சியது? இதைக் கேட்டா நான் பெருமைப்பட்டேன்?

"ஒரு வழியும் இல்லையோ, தம்பி?"

"என்ரை பெலத்த பெட்டி ஒண்டோடை உதுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். வயிறு நிறையத் தேனோடை போனால் கொஞ்சத்தை உள்ளுக்கு எடுக்கும். மிச்சத்தை வாசலிலை வைச்சே கொல்லும். ஆனால் இந்தப் பெட்டி உங்களுக்கு வெறும்பெட்டிதான்."

"ஒருத்தரும் ஒண்டும் தூக்கத் தேவையில்லை," என்றாள் தாரிகா. "நான் சீனித்தண்ணி வைச்சுப் பாக்கிறன்."

"சீனித்தண்ணிக்குத் தாய் வராது, தங்கச்சி."

"வராட்டிலும் பரவாயில்லை. கடைசி மட்டும் நான் பாப்பன்."

அன்றிரவு செல்வநாயகம் நித்திரை கொள்ளவில்லை. பெட்டி இருக்குமட்டும் இவள் போகமாட்டாள் என்று தோன்றியது. மறுநாள் சனிக்கிழமை, அதற்கு அடுத்த நாள் காலை மட்டக்களப்பு பஸ். மகளுக்காக அவர் வாழ்நாளில் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்யத் துணிந்தார்.

"சந்தைக்குப் போய் நல்ல கத்தரிக்காயும் கருவாடும் வாங்கி வா, பிள்ளை. வாய்க்கு ருசியாச் சாப்பிட்டுக் கனநாள்," என்று அவளை அனுப்பிவிட்டு, அருட்பிரகாசத்தைக் கூப்பிட்டார்.

"பகலிலை தூக்கக்கூடாது, அண்ணை. பூவுக்குப் போனதுகள் திரும்பி வந்து தேடும். பொழுது படட்டும்."

"பொழுதுபட்டால் அவள் வந்திடுவாள். இப்பவே தூக்கும்."

வலை இல்லை, கையுறை இல்லை. பெட்டியின் வாசலை அடைத்து மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டும்வரை செல்வநாயகம்தான் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழெட்டு இடத்தில் கொட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. கொட்டட்டும், எனக்கு வேணும் என்பது போல நின்றார்.

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து, வயலிலிருந்தும் வாழைப்பூக்களிலிருந்தும் தேனீக்கள் வீடு திரும்பத் தொடங்கின. கால்களில் மஞ்சள் மகரந்தம். முக்காலிக்கு மேலே வந்து, வாசல் இருந்த அதே உயரத்தில் காற்றில் நின்றன. இடம் சரி. உயரம் சரி. வீடுதான் இல்லை. பின்னால் வந்தவை முன்னால் வந்தவற்றோடு முட்டின. சில முக்காலியில் இறங்கி நடந்து நடந்து தேடின. செல்வநாயகம் பக்கத்திலே வெறும் நிலத்தில் குந்தி இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி உள்ளே போக அவரால் முடியவில்லை. அங்கேயே இருந்து பார்ப்பதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

தாரிகா வந்து சைக்கிளை நிறுத்தியபோது அவர் அப்படியே இருந்தார். அவள் முக்காலியைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். குழறி அழுவாள், ஏசுவாள் என்று அவர் காத்திருந்தார். ஏசினால் நல்லது. கோபத்தோடாவது போய்விடுவாள்.

"கையைக் காட்டுங்கோ," என்றாள்.

கொடுக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தாள். சுண்ணாம்பு கொண்டுவந்து தடவினாள். அப்போதுதான் அவளுடைய கண்ணீர் இரண்டு சொட்டு அவருடைய மணிக்கட்டில் விழுந்தது.

"இனிப் பெட்டி இல்லை, பிள்ளை. நிக்க ஒரு சாட்டும் இல்லை. நாளைக்கு வெளிக்கிடு."

"பெட்டி நல்லாயிருந்தால் போறன் எண்டுதானே சொன்னனான்?" அவள் தலை நிமிரவில்லை. "நல்லாயில்லையே."

"அடியே, அது..."

"இப்ப உங்களுக்கெண்டு அதுவும் இல்லை. இனி நான் எப்பிடிப் போறது?"

செல்வநாயகம் திகைத்துப் போனார். அவளை அவிழ்த்துவிட என்று வெட்டிய கயிறே அவளைச் சுற்றி இறுகிவிட்டது. கடைசி ஆயுதமாகக் கோபத்தை எடுத்தார்.

"உன்ரை சமையல் வாயிலை வைக்கேலாது! தெரியுமோ? நீ நிண்டு நான் என்ன சுகத்தைக் கண்டனான்? போ!"

தாரிகா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

"அம்மான்ரை சமையலையும் இருபத்தஞ்சு வருசம் அப்பிடித்தானே சொன்னனீங்கள்!"

ஞாயிறு விடிய, அவரே சொல்லி வைத்த ஓட்டோ படலையில் வந்து நின்று ஹோன் அடித்தது. அவர் தன் கையால் அடுக்கிய பயணப்பை விறாந்தையில் இருந்தது. தாரிகா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் படலைக்குப் போய், "குறை நினைக்காதேங்கோ அண்ணை, பயணம் இல்லை," என்று சொல்லி அனுப்பினாள். செல்வநாயகம் ஓடிப்போய் மறிக்க நினைத்தார். மறித்து என்ன சொல்வது? ஒரு வளர்ந்த பிள்ளையைத் தூக்கி ஓட்டோவில் போட முடியுமா? உன் பாசம் பிழை என்று எந்தத் தகப்பன் எந்த மொழியில் சொல்வது?

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார். பெண் குரல்.

"தாரிகா செல்வநாயகத்தின்ரை வீடோ? பயிற்சிக்கு இன்னும் வந்து பதியேல்லை. வருவாவோ? இண்டைக்குப் பின்நேரம் மட்டும்தான் பாத்துக்கொண்டிருக்கலாம்."

"வருவா," என்றார் செல்வநாயகம். "வருவா, அம்மா. வாறா. வழியிலை..."

தாரிகா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, அவருடைய வீங்கிய விரல்களுக்குள்ளிருந்து தொலைபேசியை மெதுவாக வாங்கினாள்.

"மிஸ், நான் தாரிகா. வரேல்லை, மிஸ். என்ரை இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுங்கோ." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஓம், மிஸ். யோசிச்சுத்தான் சொல்லுறன். அப்பாவைத் தனிய விடேலாது."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். பிறகு அகப்பை சட்டியில் படுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, சாப்பிட வாங்கோ."

கத்தரிக்காய்ப் பால்கறி, கருவாட்டுக் குழம்பு. சிவந்த கண்களோடு பக்கத்தில் நின்று பரிமாறினாள். செல்வநாயகத்துக்குப் பசியே இல்லை. ஆனாலும் தின்றார். விரல் மடங்காமல், உருட்டி உருட்டி, சோற்றுக் கோப்பை வெறுமையாகுமட்டும் தின்றார். அவளுக்குக் கொடுக்க இந்த உலகத்தில் அவரிடம் வேறு என்ன இருந்தது?

"இன்னும் கொஞ்சம் சோறு போடு, பிள்ளை," என்றார்.